ஈர மண் கெண்டிக்கு மூடி போடாதே

சரவணா,

ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுந்திருக்கிறவனுக்கு "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதினால் நீ சிரிப்பாய். நீ நலமாகத்தான் இருக்கிறாய். காலையில் டோஸ்டை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையில் லேப்டாப் பையும் மறு கையில் கார் சாவியுமாக ஓடினாயே, பார்த்தேன். என் நலத்தை நீ ஆபீஸில் இருந்தபடியே போனில் பார்த்துக்கொள்கிறாய். பிறகு எதற்குக் கடிதம்? வாயால் சொல்ல ஆரம்பித்தால் நீ "பா, டென்ஷன் ஆகாதீங்க" என்பாய். அதுவரை இல்லாத டென்ஷன் அதைக் கேட்டதும் எனக்கு வந்துவிடும். கடைசியில் மருமகள் மீனா இரண்டு பேருக்கும் தட்டை வைத்துப் பேச்சை முடித்துவிடுவாள். காகிதம் குறுக்கே பேசாது. நான் ஏதோ எழுதிக்கொண்டிருப்பது ஹால் கேமராவில் உனக்குத் தெரியும். உயிலோ என்று பயந்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ, ஊருக்கு வெளியே புதிதாக வாங்கப்போகிற புக்கெகோஹி வீட்டின் படங்களைக் காட்டினாய். "இது உங்க ரூம் பா. கீழேயே இருக்கு, படியே கிடையாது. பாத்ரூம்ல பிடிச்சுக்க கம்பிகூட வச்சிருக்காங்க" என்றாய். மீனா என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, ஜன்னலைத் திறந்தா அவ்ளோ பச்சை. சுத்தி காய்கறித் தோட்டம்தான்" என்றாள். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். அந்த வீட்டை நீங்கள் எனக்காகவே தேடியிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "பஸ் எங்க நிக்கும்?" நீ சிரித்துவிட்டாய். "பஸ்ஸா? அங்க எல்லாமே காடிதான் பா. எங்க போகணும்னாலும் என்கிட்ட சொல்லுங்க, நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்." நான் "நல்லா இருக்கு" என்றேன். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. அதில் எனக்கு ஒன்றும் சந்தேகமில்லை. ஆனால் நான் அங்கே வரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் ஏன் என்று சொல்ல, முதலில் கெண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

உனக்குத் தெரிந்த கெண்டிதான். என் கையில் அடங்குகிற, செங்கல் நிறத்துச் சீனத் தேநீர்க் கெண்டி, மேலே பளபளப்புப் பூச்சு எதுவும் இல்லாத வெறும் சுட்ட மண். ஈப்போவில் நான் லாரி ஓட்டிய தேயிலைக் கடையின் முதலாளி, தவ்கே, ஒரு சீனப் புத்தாண்டுக்கு எல்லாருக்கும் சிவப்பு உறையில் பணம் போட்டுக் கொடுக்கிற அங்பாவோடு எனக்கு மட்டும் இதையும் கொடுத்தார். ஈயச் சுரங்க லம்பங்களில் வேலை செய்த சீனர்கள் குடிக்கிற கறுப்புத் தேயிலை ஒன்று உண்டு, லுக் போ என்பார்கள். அதைக் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு பேராக் மாநிலத்துக் காப்பிக் கடைகளுக்கெல்லாம் போவேன். போகிற இடத்தில் எல்லாம் எனக்கு ஒரு கோப்பை உண்டு. கான்டனீஸ் பேசக் கற்றதும் அப்படித்தான். தவ்கே கெண்டியைக் கொடுக்கும்போது சொன்ன விதிகள் கொஞ்சம்தான். ஒரு கெண்டிக்கு ஒரே தேயிலை. சோப்பு கூடாது. மண் எல்லாவற்றையும் குடிக்கும், நல்லதையும் குடிக்கும், கெட்டதையும் குடிக்கும்.

புதுக் கெண்டியை அப்படியே புழங்கக்கூடாது, பழக்கவேண்டும். சட்டியின் அடியில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் கெண்டியை வைத்து, பச்சைத் தண்ணீரை ஊற்றி, மெல்லிய தீயில் சூடேற்றவேண்டும். கொதிநீரில் திடீரென்று போட்டால் விரிசல் விடும். தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது அதே தேயிலையைக் கைநிறைய அள்ளிப் போட்டு, கொஞ்ச நேரம் விட்டு, அதிலேயே ஆறவிடவேண்டும். உன் அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்கிற மாதிரி, "கஞ்சி வைக்கிற சட்டியில மண்ணை வேக வைக்கிறாரு மனுசன், உப்பு போட்டாச்சான்னு கேளுங்க" என்றாள். அப்படிச் சிரித்தவள்தான் பிறகு என்னைவிட அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். குடித்து முடித்ததும் வெந்நீரால் அலசி, தண்ணீரைச் சுத்தமாக வடித்து, ஜன்னல் கட்டையில் வைத்து, மூடியைப் பக்கத்தில் தனியாக வைப்பாள். "வாயைத் தொறந்துகிட்டுக் கெடக்கட்டும், உங்களை மாதிரி" என்பாள். அவள் போன பிறகும் நான் அதை அப்படித்தான் வைத்தேன். நீ என்னை இங்கே கூட்டி வந்தபோது, என் பனியனில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டுதான் விமானத்தில் வந்தேன்.

வந்த புதிதில் எனக்கு நாம் இருக்கிற இந்த கிளென்ஃபீல்ட் பிடித்திருந்தது. கண்ணில் அழுத்தம் இருக்கிறது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை, கால் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது. மால் வரை நடப்பேன், பஸ் ஏறி எங்கேயாவது போய்த் திரும்புவேன். பிறகு போன குளிர்காலத்தில் அந்த மழை. தபால் பெட்டியைப் பார்க்கப் போன நான் நம் வீட்டுச் சரிவில் பாசியில் வழுக்கி, மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, கீழே ரோட்டோரத்தில் கிடந்தேன். நீ வந்து சேர்ந்தபோது உன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். நம் வீட்டில் பிள்ளை மனம்தான் பித்தாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வீடு மாறியிருந்தது. ஹாலில் புத்தக அலமாரி மேல் கேமரா. அடுப்புக்கு, குழந்தைகள் தொடாமலிருக்கப் போடுகிற பூட்டு. என் வாசல் சாவியை, "எங்கேயாவது விழுந்திடும் பா, என்கிட்ட இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டாய். அந்தக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற கதவு. அதாவது, நான் வெளியே போகலாம், ஆனால் திரும்பி உள்ளே வரமுடியாது. முதல் வாரம் நான் பேப்பரை எடுக்கப் படியில் காலை வைத்ததும் அலமாரி மேல் கேமராவிலிருந்து உன் குரல்: "பா, இறங்காதீங்க. நான் வந்து எடுத்துத் தர்றேன்." கையிலிருந்த மூக்குக்கண்ணாடியை நான் போட்டு உடைத்தது அன்றைக்குத்தான், தானாக விழவில்லை. சுவருக்கும் காது உண்டு என்று கேட்டிருக்கிறேன். இங்கே வாயும் உண்டு.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ எனக்காக டீ போட்டாய். இஞ்சி தட்டி, டின் பால் ஊற்றி, நுரை வர ஆற்றி, அதை அந்தக் கெண்டியில் ஊற்றித் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தாய். "அம்மா போடற மாதிரியே போட்டிருக்கேன் பா, குடிச்சுப் பாருங்க." கெண்டியின் மூக்கிலிருந்து பால் ஒழுகுவதைப் பார்த்ததும் தவ்கே சொன்ன விதிதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் உன் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கோப்பை குடித்தேன். அம்மா கைப்பக்குவம் வந்துவிட்டது என்று சொன்னேன், அது பொய்யில்லை. பிறகு நீ அதை எலுமிச்சை வாசனை சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, மூடியை இறுக்கி, குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஃப்ரிட்ஜுக்கு மேல் இருக்கிற அலமாரியில் வைத்தாய். "உடையாம பத்திரமா மேல வச்சிட்டேன் பா." இந்த உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமுடியாது. சீனன் அதில் பால் ஊற்றமாட்டான். வெள்ளைக்காரனுக்கு இஞ்சி டீ தெரியாது. அப்பாவுக்கு அம்மாவை ஒரு கோப்பையாவது திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நினைக்கிற மகன்தான் செய்யமுடியும்.

கைக்கட்டு பிரித்த பிறகு, நாற்காலியைப் போட்டு ஏறி அதை எடுத்தேன். ("பா! நாற்காலியில ஏறாதீங்க!" என்று நீ கேமரா வழியாகக் கத்தினாய். அதற்குள் எடுத்துவிட்டேன்.) பிளாஸ்டிக்கைப் பிரித்து மூடியைத் திறந்தால், உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை. புளித்த பாலும் எலுமிச்சை சோப்பும் கலந்த ஒரு நாற்றம். அதை வைத்துக்கொண்டு பின்பக்கப் புல்வெளிக்குப் போனேன். அங்கே கேமரா இல்லை, அங்கேயிருந்து ரோட்டுக்கு வழியும் இல்லை. வேலிப் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உன் அம்மா செத்தபோது வந்த அழுகையைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் கான்டனீஸில் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தார், யாரோ அழுகிறார்களே என்று. நான் அதே பாஷையில், "ஒண்ணுமில்லை, கெண்டி கெட்டுப்போச்சு" என்றேன். செருப்புச் சத்தம் வேலியை நோக்கி வந்தது. பிறகு ஒரு பலகை கழன்ற இடைவெளியில் ஒரு கண் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கண் விரிந்ததைப் பார்க்கவேண்டும். அவர் பெயர் லாம். என் வயதுதான். மகள் வீட்டில் இருக்கிறார். அவருக்கும் சரிவு ஆகாது, அவரையும் இறங்கவிடமாட்டார்கள். ஆனால் அவர் வீட்டு அடுப்புக்குப் பூட்டு கிடையாது. கெண்டியை இடைவெளி வழியாக வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "பால் ஊத்தினது யாரு?" என்றார். "என் மகன்" என்றேன். "நல்ல பையன்" என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவர்தான் அதை மீட்டார். தினமும் வேகவைத்து, தண்ணீரை மாற்றி, கொஞ்சம் சோடா மாவு போட்டு, மறுபடியும் வேகவைத்து, நாற்றம் போன பிறகு தேயிலை போட்டு, முதல் நாள் பழக்குவதுபோல மறுபடி பழக்கினார். "மண்ணு கெடலை" என்றார் என்னிடம். "உள்ளே அடைச்சு வச்ச ஈரம்தான் கெட்டது. இனிமே தொறந்து வை." அதன் பிறகு தினமும் நீயும் மீனாவும் கிளம்பியதும் நான் புல்வெளிக்குப் போவேன். வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அவர் அடுப்பு, என் கெண்டி, அவருடைய தேயிலை, அதுவும் அதே லுக் போதான். கோப்பை இடைவெளி வழியாக வரும், போகும். நீ "அப்பா தோட்டத்துல காத்து வாங்குறார்" என்று நிம்மதியாக இருந்த நேரமெல்லாம் நான் ஈப்போவின் காப்பிக் கடைகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

பிறகு இந்தச் சரிவு வீட்டை விற்கவேண்டும் என்றாய். வீடு பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று ஏஜென்ட் சொன்னாராம். போன வாரம் ஆள் வந்து, பழைய வேலியைப் பிடுங்கிவிட்டு, என் தலைக்கு மேல் உயரமாக, இடுக்கே இல்லாமல் புதுப் பலகை அடித்துவிட்டுப் போனான். சாயங்காலம் நீ வந்து தட்டிப் பார்த்து, "சூப்பரா இருக்குல்ல பா?" என்றாய். மறுநாள் காலை நான் வழக்கம்போலக் கெண்டியோடு போய் நின்றேன். லாமும் அந்தப் பக்கம் வந்து நின்றார். பலகை வழியாகக் குரல் மட்டும் வந்தது. கொஞ்சம் பேசினோம். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் போனார். காலிக் கெண்டியோடு நான் உள்ளே வந்தேன். அன்றைக்குத்தான் நீ கேமரா வழியாக, "என்ன பா, இன்னிக்குச் சீக்கிரமே உள்ள வந்துட்டீங்க?" என்று கேட்டாய். குளிர் என்றேன்.

இப்போது புரிகிறதா, புக்கெகோஹியில் எனக்கு என்ன நடக்கும் என்று? அங்கே வேலிக்கு அந்தப் பக்கம் கேரட்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் பச்சை, மூடினால் சுவர். எங்கே போகவேண்டும் என்றாலும் உன்னிடம் சொல்லவேண்டும். நீ வேலை முடித்து அவ்வளவு தூரம் ஓட்டி வந்து, களைத்துப் போய் சோபாவில் சாய்ந்திருக்கும்போது, "சும்மா ஒரு கோப்பை டீ குடிக்க வெளியே போகணும்" என்று நான் எப்படிக் கேட்பேன்? கேட்கமாட்டேன். கொஞ்ச நாளில் போகவேண்டும் என்று தோன்றாமலே போய்விடும். எனக்கு விழுவதைவிட அதுதான் பயம். ராத்திரியெல்லாம் அந்தக் கம்பி வைத்த பாத்ரூம்தான் கண்ணுக்குள் வருகிறது.

உன் தாடையில் ஒரு தழும்பு இருக்கிறதே, மீனாவிடம் அதற்கு என்ன கதை சொல்லியிருக்கிறாயோ தெரியாது. உண்மையில் நீ என் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பாசார் முனையில் மீன்காரர் வண்டிமேல் விட்டாய். தையல் போட்டுக் கூட்டி வந்தோம். உன் அம்மா சாவியைத் தன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, "இனி என் பிள்ளை நடந்தே போவான்" என்றாள். எனக்கும் நடுக்கம்தான். ஆனால் தையல் பிரித்த அன்று அவளிடம் கெஞ்சி அந்தச் சாவியை வாங்கி உன் கையில் கொடுத்தேன். "மெதுவா போ" என்றேன். நீ தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன், திரும்பி வரும்வரை உட்காரவில்லை. பிள்ளையை வெளியே விடுவது என்றால் அவ்வளவுதான் சரவணா. பயம் போகாது. பயத்தோடு வாசலில் நிற்கவேண்டும்.

பாபடோயிட்டோயில், நாம் போகிற கோயிலில் வெள்ளிக்கிழமை பிரசாதம் கொடுக்கிற பவானி அம்மாவைத் தெரியுமே, யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டுப் பின்பக்கம் தனியாக ஓர் அறையும் சமையல் மேடையும் குளியலறையுமாக ஒரு சின்ன யூனிட் காலியாக இருக்கிறது. தரைமட்டம். ரோடும் சமதளம். நடக்கிற தூரத்தில் கடைகள், பஸ், ரயில். என் பென்ஷனில் வாடகை கட்டலாம், கேட்டுவிட்டேன். நீ காரை நிறுத்தப் போன சமயத்தில்தான் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தனியவோ இருக்கப் போறியள், ஐயா? மகன் ஓமெண்டு சொல்லிட்டாரோ?" என்றார். இன்னும் சொல்லவில்லை என்றேன். "அப்ப முதல்ல மகனோட கதைச்சுப்போட்டு வாங்கோ. அவரும் வந்து பாக்கட்டும். பிறகு என்னைக் குறை சொல்லப்படாது" என்று சொல்லிவிட்டார். பார்த்தாயா என் நிலைமையை? உன் வீட்டிலிருந்து வெளியே போகக்கூட எனக்கு உன் கார் வேண்டும், உன் வாய் வார்த்தை வேண்டும். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஓட்டிப் போகப்போகிறவன் நீதான்.

நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அங்கே விழுந்தால்? விழலாம். போன் இடுப்பிலேயே இருக்கும், முன்பக்கம் பவானி அம்மா இருக்கிறார். தினமும் நீ கூப்பிட்டால் எடுப்பேன். ஆனால் கேமரா வேண்டாம். மீனாவிடம், அவள் சமையலில் குறை கண்டு போகிறேன் என்று நினைக்கவேண்டாம் என்று சொல். இந்த வீட்டில் என் நாக்கு மட்டும் குறையில்லாமல் இருந்தது. லாமையும் ஒரு நாள் நீ காரில் கூட்டி வரவேண்டும். அவர் மகளிடம் நீயே பேசு. உங்கள் இரண்டு பேருக்கும் பேச நிறைய இருக்கும்.

கெண்டியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். மூடி உனக்கு. இந்தக் கடிதத்தின்மேல், என் கைக்குட்டையில் சுற்றி, சாப்பாட்டு மேஜையில் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வரும்போது அதைக் கொண்டு வா. மூடி போட்டுத்தான் தேயிலை ஊறும். குடித்துவிட்டு, வெந்நீரில் அலசிவிட்டு, நீயே அதைத் திரும்ப எடுத்துப் போ. மற்ற நாட்களில் அப்பா நீ வரும்வரை பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று கனவு காணாதே, டீ பை இருக்கிறது. உன் டின் பால் டீயும் எனக்கு வேண்டும், ஆனால் அதைக் கண்ணாடிக் கிளாஸில் கொடு. லாம் எவ்வளவு வேகவைத்தும், மூக்கின் உள்பக்கம் மோந்தால் இன்னும் கொஞ்சம் இஞ்சி வாசனை இருக்கிறது. அது போகவேண்டாம் என்று அவரிடம் நான்தான் சொன்னேன்.

நாளைக் காலை நீ ஓடுகிற ஓட்டத்தில் இதையெல்லாம் படிக்க நேரம் இருக்காது. பரவாயில்லை, காரில் வைத்துப் படி. இப்போதைக்கு மூடியை எடுத்து உன் பையில் போட்டுக்கொள். என் வாசல் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போ.

அப்பா